எங்க சார் போவணும்?

புறநோயாளிச் சீட்டு கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவனுக்கு முதலில் தெரிவது கை. கம்பிக்கு அடியில் இருக்கும் அரைவட்டத் திறப்பு வழியாக அது உள்ளே வரும். பழைய சீட்டை நான்காக மடித்துப் பிடித்த கை, வெற்றிலைக் காவி ஏறிய கை, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இன்னொரு பக்கத்தால் நீட்டும் கை. பிறகுதான் குனிந்து முகம் வரும். முகத்தோடு கேள்வியும் வரும்: “எங்க சார் போவணும்?”

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 33 ஆண்டுகள் அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்தேன். 1984-இல் சேர்ந்து 2017-இல் ஓய்வு பெற்றேன். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. பெயர், வயது, ஊர், என்ன செய்கிறது என்று கேட்டு எழுதி, போகவேண்டிய அறையின் எண்ணைச் சீட்டின் மேல் மூலையில் போட்டுக் கொடுப்பதுதான் வேலை. ஆனால் அந்த எண் தப்பாகப் போனால் ஒரு மனிதருக்கு ஒரு நாள் கூலி போகும். சில நேரம் அதைவிடப் பெரியதும் போகும்.

யாரும் நோயின் பெயரோடு வருவதில்லை. “தல கிர்ருனு சுத்துது”, “நெஞ்சு கரிக்குது”, “கை மரத்துப் போவுது”, “வாயு புடிச்சிக்கிச்சு” என்றுதான் வருவார்கள். கொத்தவால் சாவடி மார்க்கெட் பாரிமுனைப் பக்கம் இருந்த காலம் அது. அங்கே மூட்டை தூக்கும் ஒருவர் ஒரு காலையில் வந்து, வாயுப் பிடிப்பு, வயிற்று டாக்டருக்குச் சீட்டு கொடு என்றார். நானும் எழுதத் தொடங்கிவிட்டேன். அந்தப் பக்கமாகப் போன மூத்த சிஸ்டர் ஒருவர் நின்றார். அவர் என் சீட்டைப் பார்க்கவில்லை, அந்த ஆளின் நெற்றியைப் பார்த்தார். மார்கழி மாதக் காலைக் குளிரில் அவருக்கு வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. “அண்ணே, சீட்டு அப்புறம். மொதல்ல வீல்சேர் வரச்சொல்லுங்க” என்றார். அவசரப் பிரிவில் ஈ.சி.ஜி. எடுத்தபோது அது மாரடைப்பு என்று தெரிந்தது. அன்று மாலை அந்த சிஸ்டர் என்னிடம் வந்து சொன்னார்: “வாயுன்னு யாராவது சொன்னா, அவங்க வியர்வையைப் பாருங்க.” பணியில் நான் கற்ற முதல் மருத்துவப் பாடம் அதுதான்.

எந்த நோய்க்கு எங்கே போவது என்ற அறிவு இந்த நகரத்தில் எப்படி உருவானது என்று தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஊர்ப் பெயரே முகவரி

என் பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் ஓட்டேரியில் எங்கள் தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அவரிடம்தான் வந்து கேட்பார்கள். அவர் வாயில் ஒரு பட்டியல் இருந்தது. பிள்ளைப்பேற்றுக்கு எழும்பூர். கண்ணுக்கும் எழும்பூர், ஆனால் அது வேறு வாசல். நெஞ்சுச்சளியில் ரத்தம் வந்தால் தாம்பரம். காலரா, தொண்டை அடைப்பான் என்றால் தண்டையார்பேட்டை. புற்று என்றால் அடையாறு. புத்தி தடுமாறினால் கீழ்ப்பாக்கம். எலும்பு முறிந்தால் ஜி.எச்., இல்லையென்றால் ஆந்திராவில் புத்தூர் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வருவது. எங்கே போவதென்றே புரியவில்லை என்றால் நேராகப் பெரியாஸ்பத்திரி.

சென்னையில் ஊர்ப் பெயர்கள் இப்படி நோயின் பெயர்களாகவும் மாறின. இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. “நீ கீழ்ப்பாக்கம் போக வேண்டியவன்” என்று இன்றும் வசையாகச் சொல்கிறார்கள். அந்த வசைக்கு அஞ்சியே மனம் நொந்தவர்களை ஆண்டுக் கணக்கில் வீட்டுக்குள் பூட்டி வைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் படிக்காத ஒரு கிழவி ஒரு நகரத்தின் மருத்துவ வரைபடத்தையே மனத்தில் வைத்திருந்தார் என்பது சாதாரண விஷயம் இல்லை. அந்த வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தேவையிலிருந்து பிறந்தது.

கோட்டையும் கஞ்சித்தொட்டியும்

முதல் புள்ளி நம் மக்களுக்காக வைக்கப்பட்டதே அல்ல. 1664 நவம்பர் 16 அன்று செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள், கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற சிப்பாய்களுக்காக ஒரு சின்ன மருத்துவமனை தொடங்கியது. கோட்டைக்குள் இடம் மாறி, பிறகு கோட்டையை விட்டே வெளியே வந்து, 1772-இல் இப்போது இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதுதான் ஜி.எச். என்னும் பொது மருத்துவமனை. 1835-இல் அதையொட்டி ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கி, 1850-இல் அது சென்னை மருத்துவக் கல்லூரி ஆனது. மருத்துவமனை அங்கே வந்து 101 ஆண்டுகள் கழித்துத்தான் எதிரே சென்ட்ரல் ரயில் நிலையம் திறக்கப்பட்டது, 1873-இல். ஜி.எச். எல்லோருக்கும் பெரியாஸ்பத்திரி ஆனதில் அந்த ரயில் நிலையத்துக்கும் பங்கு உண்டு. அரக்கோணத்தில் ஏறியவரும் நெல்லூரில் ஏறியவரும் இறங்கிச் சாலையைக் கடந்தால் அதன் வாசல்தான். எங்கே போவதென்று தெரியாதவர்கள் கண்ணுக்கு முதலில் தெரியும் வாசலுக்குள் நுழைவது இயல்பு. இன்றைக்கும் அப்படித்தான்.

இரண்டாவது புள்ளி பசியிலிருந்து வந்தது. 1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலியோடு நடந்த போரால் நகரத்தைச் சுற்றியுள்ள கிராமங்கள் பாழாகிப் பஞ்சம் வந்தது. பட்டினியோடு வந்து குவிந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-இல் வடசென்னையில் ஒரு சத்திரம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர். வெள்ளைக்காரர் வாயில் அது ‘மோனிகர்’ ஆயிற்று. கஞ்சி குடிக்க வந்தவர்களில் பலருக்கு நோய் இருந்தது. அதனால் 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அது வளர்ந்து, 1938-இல் அங்கே ஏற்பட்ட மருத்துவக் கல்லூரிக்குக் கவர்னர் ஸ்டான்லியின் பெயர் வைக்கப்பட்டது. ஆனால் ராயபுரத்துப் பெரியவர்களுக்கு அது இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். ஆட்டோவில் ஏறி “கஞ்சித்தொட்டி போப்பா” என்றால் ஸ்டான்லி வாசலில் இறக்கிவிடும் ஓட்டுநர்களை எனக்குத் தெரியும். சோறு கொடுத்த கையே மருந்தும் கொடுத்தது என்ற நினைவை மக்கள் இருநூறு வருடம் கழித்தும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

யாருக்கு எந்த வாசல்

பொது ஆஸ்பத்திரிகளுக்குப் பிறகு, உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒவ்வொரு பருவத்துக்கும் தனி வாசல்கள் வரத் தொடங்கின.

1819-இல் ராயப்பேட்டையில் கண்ணுக்கென்று ஒரு மருத்துவமனை தொடங்கியது. லண்டனின் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகில் இரண்டாவது பழமையான கண் மருத்துவமனை என்று அதைச் சொல்வார்கள். 1884-இல் எழும்பூருக்கு வந்தது. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-இல் இங்கேதான் அமைந்தது. 1844-இல் எழும்பூரில் பிரசவத்துக்கென்று ஒரு மருத்துவமனை வந்தது. இன்றைக்குச் சென்னைவாசிகளில் பலர் பிறந்த இடம் கேட்டால், “எழும்பூர் ஆஸ்பத்திரி” என்பார்கள்.

ஆனால் மருத்துவமனை கட்டிவிட்டால் மட்டும் போதுமா? பெண்கள் வர வேண்டுமே. மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி, சென்னையில் வழக்கறிஞராக இருந்த கணவரோடு இங்கே வாழ்ந்தவர். பிரசவத்தில் சாகும் பெண்கள் பலர், ஆண் மருத்துவர் தொட்டுப் பார்ப்பதைவிடச் சாவதே மேல் என்று நினைத்ததை அவர் கண்டார். தாமே மருத்துவம் படிப்பது என்று முடிவெடுத்தார். 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்ட முதல் நான்கு பெண்களில் அவரும் ஒருவர். பிறகு லண்டனில் மேற்படிப்பு முடித்து, விக்டோரியா ராணியைச் சந்தித்து இங்கே உள்ள பெண்களின் நிலையைச் சொல்லிவிட்டு, சென்னைக்குத் திரும்பினார். 1885-இல் நுங்கம்பாக்கத்தில் பெண்களுக்கென்று மருத்துவமனை திறந்தது. உள்ளே மருத்துவம் பார்ப்பவர்களும் பெண்களே. 1890-இல் அது சேப்பாக்கத்துக்கு வந்தது. ராணியின் பெயரோடு, ‘சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான மருத்துவமனை’ என்று அதன் பெயரிலேயே எழுதியிருந்தது. முக்காடிட்டு வெளியே வராத முஸ்லிம் பெண்களும், தீட்டுக்கு அஞ்சிய உயர்சாதி இந்துப் பெண்களும் வர வேண்டும் என்பது நோக்கம். சாதியைப் பெயர்ப் பலகையில் ஏற்றியது வருத்தமான விஷயம்தான். ஆனால் மேரி ஷார்லீப் கண்டுகொண்ட உண்மை இன்றும் மாறவில்லை: மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உள்ளே இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத இடம் அந்த நோயாளிக்குச் சரியான இடம் அல்ல. 1948-இல் அதற்குக் கஸ்தூரிபா காந்தி பெயர் வைத்தார்கள். திருவல்லிக்கேணியில் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள்.

என் ஜன்னலில் இதை எத்தனையோ முறை பார்த்தேன். கூட வந்த கணவரை “நீங்க அந்தப் பக்கம் போய் நில்லுங்க” என்று அனுப்பிய பிறகுதான் பெண்கள் உண்மையான காரணத்தைச் சொல்வார்கள். வயிற்று வலி என்று எழுதியதை அடித்துவிட்டு, பெண்கள் பிரிவு என்று மாற்றி எழுதுவேன்.

மனநலத்துக்கான வாசலும் பழையது. 1794-இல் வாலண்டைன் கனொலி என்ற மருத்துவர் சிலரை வைத்துத் தொடங்கிய காப்பகத்தின் வழியில், 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்ற இடத்தில் இப்போதைய மருத்துவமனை அமைந்தது. பல தலைமுறைகளாக அது உள்ளே போனால் வெளியே வராத இடமாக மக்கள் மனத்தில் இருந்தது. 1961 முதல் 1978 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்பட்டவர். புறநோயாளியாக வந்து மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பலாம், குணமானவர் வேலைக்கும் போகலாம் என்பதை அவர் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1984-இல் மனச்சிதைவு நோய்க்கென்று ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கியவரும் அவரே. கீழ்ப்பாக்கத்துக்குச் சீட்டு எழுதும்போது நான் தவறாமல் சொல்வது இதுதான்: “பாத்துட்டு சாயந்தரம் வூட்டுக்கு வந்துடலாம்மா.” அதைக் கேட்டால் பாதிப் பயம் இறங்கிவிடும்.

ஒரு ரயில் நிலையமும் ஓர் ஆராய்ச்சியும்

தாம்பரத்துக்கு முந்தின ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பெயரைப் படிக்கிறார்கள், ஏன் அந்தப் பெயர் என்று யோசிப்பவர் குறைவு. டாக்டர் சௌரி முத்து என்பவர் இங்கிலாந்தில் காசநோயாளிகளுக்கு நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்துணவு கொடுத்துச் சிகிச்சை செய்து அனுபவம் பெற்றவர். 1928-இல் தாம்பரம் பக்கம் 250 ஏக்கர் நிலத்தில், 12 படுக்கைகளோடு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. ஊரை விட்டு, பிள்ளை குட்டிகளை விட்டு, மாதக் கணக்கில் மரநிழலில் படுத்திருப்பதுதான் வைத்தியம். எங்கள் தெருவில் ஒருவர் தாம்பரம் போனார் என்றால், அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள்.

பிறகு மருந்துகள் வந்தன. ஆனால் மருந்தையும் சானடோரியத்தில் படுத்துத்தான் சாப்பிட வேண்டும் என்று உலகம் முழுவதும் நம்பினார்கள். இந்தியாவில் அப்போது இருந்த காசநோயாளிகளில் மிகச் சிலருக்கே படுக்கை கொடுக்க முடியும். அந்த நிலையில் 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு ஆகியவை சேர்ந்து நடத்தின. சென்னையின் நெருக்கமான குடிசைகளிலும் ஒண்டுக் குடித்தனங்களிலும் வாழ்ந்த ஏறத்தாழ 200 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிப் பேர் சானடோரியத்தில், நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும். இன்னொரு பாதிப் பேர் தங்கள் வீட்டிலேயே, அதே பழைய சாப்பாட்டோடு, பலர் வேலைக்கும் போய்க்கொண்டு. மருந்து இரு தரப்புக்கும் ஒன்றே. ஓராண்டு முடிந்தபோது வீட்டிலிருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணமாகியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. 1959-இல் வெளிவந்த அந்த முடிவு உலகத்தின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. நாடு நாடாகச் சானடோரியங்கள் மூடப்பட்டன.

இந்த ஆராய்ச்சியைப் பற்றி முதன்முதலில் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எந்த ஆஸ்பத்திரி சரியானது என்ற கேள்விக்கு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் உன் வீடே சரியானது என்று விடை சொன்னவர்கள் சேத்துப்பட்டில் இருந்திருக்கிறார்கள். அதற்கு உடம்பைக் கொடுத்தவர்கள் சென்னையின் ஏழைகள். தாம்பரமும் வீணாகவில்லை. 1990-களில் எய்ட்ஸ் நோயாளிகளைப் பல இடங்களில் தொடவே பயந்தபோது, 1993-இல் அவர்களைச் சேர்த்துப் பார்க்கத் தொடங்கியது அதே தாம்பரம்தான்.

அடையாறு வந்தது இன்னொரு வலியிலிருந்து. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954-இல் 12 படுக்கைகளோடு, கூரை வேய்ந்த கொட்டகைகளில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். குழந்தைகளுக்கென்று எழும்பூரில் தனி மருத்துவமனை 1968-இல் வந்தது. அதோடு என் பாட்டியின் பட்டியல் ஏறத்தாழ நிறைவு பெற்றது.

பட்டியலில் இல்லாதது

அந்தப் பட்டியலில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. என் குடும்பம் அதில் விழுந்தது.

1988-இல் என் தங்கைக்கு ஒன்பதாம் மாதம். காலையிலிருந்து தலைவலி, கால் இரண்டும் வீக்கம். “மாசமா இருக்குறவளுக்குக் கால் வீங்காம இருக்குமா” என்றார் அம்மா. இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன நர்ஸிங் ஹோம். பக்கத்தில் இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது, கூட்டம் இல்லை என்று அங்கே சேர்த்தோம். படுக்கை இருந்தது, பிரசவ மேசை இருந்தது. இரவு ஒரு மணிக்கு அவளுக்கு ஜன்னி கண்டது. அந்த நேரத்தில் அங்கே ஓர் இளம் நர்ஸைத் தவிர யாரும் இல்லை. டாக்டர் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. ரத்தம் இல்லை, மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லை. ஆட்டோவில் மடியில் படுக்கவைத்து எழும்பூருக்குக் கொண்டுபோனோம். தங்கை பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

எழும்பூர் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கடைசியா பி.பி. எப்போ பார்த்தாங்க?” எங்கள் யாருக்கும் தெரியவில்லை. நான் நான்கு வருடமாகத் தினமும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தவன். பிரசவத்துக்கு எழும்பூர் என்பது பாட்டி சொல்லி எனக்கு மனப்பாடம். ஆனால் அவளுக்கு இது சாதாரணப் பிரசவம் இல்லை, ஆபத்தான பிரசவம் என்று முன்னாலேயே கண்டுபிடித்துச் சொல்ல எங்கள் தெருவில் யாரும் இல்லை. பட்டியலில் இல்லாதது அந்த முதல் ஆள். பெரிய வாசல்கள் எல்லாம் இருந்தன, அவற்றுக்கு முன்னால் நின்று ரத்த அழுத்தம் பார்த்து “நீ இங்கே இரு, நீ அங்கே போ” என்று சொல்லும் சின்ன வாசல் இல்லை.

இந்த நாடு அதை யோசிக்காமல் இல்லை. சென்னை மாகாணம் 1939-இலேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று சட்டம் கொண்டுவந்தது, இந்தியாவில் அது முதல் முயற்சி. 1946-இல் போர் என்பவர் தலைமையிலான குழு, ஆரம்ப சுகாதார நிலையங்களை அடித்தளமாக வைத்து மேல்நோக்கிக் கட்ட வேண்டும் என்றது. 1961-இல் அறிக்கை கொடுத்த குழுவின் தலைவர் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். எழும்பூரில் பிரசவம் பார்த்து அனுபவப்பட்டவர் அவர். புதிது புதிதாகத் திறப்பதற்கு முன்னால் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பலப்படுத்துங்கள் என்பதே அவர் குழுவின் அழுத்தமான பேச்சு. ஜி.எச்.-இல் பேராசிரியராக இருந்த டாக்டர் சஞ்சீவி 1958-இல் வி.எச்.எஸ். என்ற தன்னார்வ மருத்துவ அமைப்பைத் தொடங்கியபோதும், குடும்பத்தின் வருமானத்துக்கு ஏற்பச் சந்தா, நோய் வருமுன் குடும்பத்தையே பார்க்கும் மருத்துவர், கிராமங்களில் சிறு சுகாதார மையங்கள் என்றுதான் திட்டம் போட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் நாள் முழுவதும் கூட்டத்தைப் பார்த்த இருவரும், தீர்வு வெளியே, தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தது எனக்குப் பெரிய பாடமாகப் படுகிறது.

கிராமங்களில் சுகாதாரச் செவிலியர்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் மெல்ல மெல்ல வேர் பிடித்தன. தமிழ்நாட்டில் தாய்மார்கள் சாவது குறைந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2008 செப்டம்பரில் 108 வந்தது. 2013-இல் உடல்நல ஆலோசனைக்கு 104 வந்தது. 2009-இல் அரசுக் காப்பீடு வந்தபின், ஏழைகளும் தனியார் மருத்துவமனைக்குள் நுழைய முடிந்தது. நல்ல விஷயம். ஆனால் அதோடு ஒரு குழப்பமும் வந்தது. தெருவுக்குத் தெரு ‘மல்ட்டி ஸ்பெஷாலிட்டி’ என்று பலகை. எல்லா வாசலும் எல்லா நோய்க்கும் திறந்திருப்பதாகச் சொல்கின்றன. பாட்டியின் வரைபடம் அந்தப் பலகைகளுக்கு நடுவே எனக்கே மங்கலாகத் தெரிகிறது.

நான் சொல்லும் வழி

ஓய்வு பெற்ற பிறகும் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுப்பேன்: எந்த ஆஸ்பத்திரி, எந்த வாசல், என்ன கிழமை, என்னென்ன எடுத்துப் போக வேண்டும். அதற்கு முன் நான் கேட்பதை இங்கே சொல்கிறேன்.

முதலில், இது காத்திருக்கக் கூடியதா? வியர்வையோடு நெஞ்சுவலி, ஒரு பக்கம் வாய் கோணுவது, கை விழுவது, பேச்சுக் குழறுவது, மூச்சுத் திணறல், கர்ப்பிணிக்குக் கடுமையான தலைவலி அல்லது வலிப்பு என்றால் எந்த ஆஸ்பத்திரி என்று உட்கார்ந்து பேசக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். அந்த வண்டியில் இருப்பவருக்கு எங்கே என்ன வசதி இருக்கிறது என்று நம்மைவிட நன்றாகத் தெரியும்.

காத்திருக்கக் கூடியது என்றால், பக்கத்திலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, குடும்பத்தைத் தெரிந்த ஒரு டாக்டரிடமோ முதலில் போங்கள். பெரிய நிபுணரிடம் நேராக ஓடுபவர்கள், பல நேரம் தப்பான நிபுணரிடம் ஓடுகிறார்கள். மூட்டு வலிக்கு எலும்பு டாக்டரிடம் மூன்று மாதம் அலைந்து, கடைசியில் சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்று தெரிந்துகொண்ட எத்தனையோ பேருக்கு நான் சீட்டு எழுதியிருக்கிறேன். நாள்பட்ட நோய்க்குச் சித்த மருத்துவம் பார்க்க விரும்புகிறவர்களை நான் தடுப்பதில்லை, அரும்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பேன். அங்கே முறையாகப் படித்தவர்கள் பார்ப்பார்கள். ஏற்கனவே சாப்பிடும் மாத்திரைகளை மறைக்காமல் சொல்லச் சொல்வேன்.

ஒரு மருத்துவமனையில் சேரும் முன், படுக்கை இருக்கிறதா என்று கேட்பதைவிட, ராத்திரி யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். ரத்தம் எங்கிருந்து வரும்? மயக்க மருந்து டாக்டர் கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வருவார்? கை மீறினால் எங்கே அனுப்புவார்கள்? இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ளும் இடத்தில் சேர வேண்டாம். 1988-இல் நான் கேட்காமல் விட்ட கேள்விகள் இவை.

போன ஐப்பசியில் ஒரு மழை நாள். பக்கத்துப் போர்ஷன் மருமகள், எட்டு மாதம். தலைவலி, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்று அவள் மாமியாரிடம் சொன்னது சுவர் தாண்டி எனக்குக் கேட்டது. குடையை எடுத்துக்கொண்டு நானே கூடப் போனேன், மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு. ஐந்து நிமிட நடை. நர்ஸ் பொண்ணு கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள், ஒருமுறை பார்த்தாள், மறுபடி ஒருமுறை பார்த்தாள். 160-க்கு 110. அவள் முகம் மாறவில்லை. உள்ளே போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். ஊசி போட்டார்கள். எழும்பூருக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். 108 வருவதற்குள் அந்த நர்ஸ் ஒரு சீட்டு எழுதி மாமியார் கையில் கொடுத்தாள். மாமியார் அதை என்னிடம் நீட்டி, “என்ன போட்டிருக்குது, பாருங்கண்ணே” என்றார்.

பெயர், வயது, கர்ப்பத்தைப் பதிந்த பிக்மி எண், எத்தனையாவது மாதம், ரத்த அழுத்தம், போட்ட ஊசி, போட்ட நேரம். மேலே, போகவேண்டிய இடம். இரண்டு நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது, தாயும் நலம்.

அந்த மழையில் வண்டி கிளம்பும் வரை நான் சீட்டை மடிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன். என் தங்கையின் கையில் அப்படி ஒரு சீட்டு இருந்திருக்க வேண்டும்.